மேலிருந்து வருகிறவன் பொறுப்பு

கார்த்திகை அடைமழையில் காரைக்கால் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பனிச்சறுக்கு எனக்கு ஒழுங்காக அறிமுகமானது. பாரிஸ் புறநகரில் இருக்கும் அக்கா பேத்தியை, வருகிற ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆல்ப்ஸ் மலைக்கு ஒரு வாரம் கூட்டிப்போகிறார்களாம். பிள்ளைகளை இப்படிப் பாடப் புத்தகத்தோடு பனிமலைக்கு அழைத்துப்போவது பிரான்சில் 1953-லிருந்து இருக்கும் வழக்கம். பள்ளியில் கொடுத்த தாளை அக்கா மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அத்தான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். 1954-இல் காரைக்கால் இந்தியா கைக்கு வந்தது, 1962-இல் ஒப்பந்தம் முழுசாக நடைமுறைக்கு வந்தது, அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளில் இருந்த பத்து விதிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"பின்னால வர்றவன்தான் முன்னால போறவனுக்கு ஆபத்து இல்லாம வழி பார்த்துக்கிட்டுப் போகணும்னு போட்டிருக்கான் தம்பி. முன்னால போறவன் திரும்பியே பார்க்க வேண்டாம் போலிருக்கே. இது என்ன நியாயம்?"

"கடைமடை நியாயம்தான் அத்தான்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்த பதில். மாயவரம் திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். சொன்னது பெரும்பாலும் சரிதான் என்று பட்டது. எங்கே சரியில்லை என்பது அதைவிடச் சுவாரசியமாக இருந்தது. அதிலிருந்து கொஞ்சநாள் இதையே படித்துக்கொண்டிருந்தேன். மறுபடி காரைக்கால் போனபோது மீதி விதிகளையும் அத்தானோடு உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தப் பத்து விதிகளைப் போட்டது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு. 1967-இல் முதலில் வெளியிட்டது, 2002-இல் திருத்தியது. போட்டி வீரர்களுக்கான விதிகள் அல்ல இவை. லீவுக்கு வந்து வாடகை பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்குகிற எல்லோருக்கும் பொது. மற்றவர்களுக்கு ஆபத்து விளைவிக்காதே, உன் திறமைக்கும் பனிக்கும் கூட்டத்துக்கும் ஏற்ற வேகத்தில் போ என்று முதல் இரண்டு விதிகள் பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. விஷயம் சூடு பிடிப்பது மூன்றாவதில்தான்: பின்னாலிருந்து, அதாவது மேலிருந்து வருகிறவன், முன்னால், அதாவது கீழே இருப்பவனுக்குத் தொந்தரவு வராத வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டெல்டாவில் இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. மதகு, வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் தலைமடைக்காரன் பக்கம் இருக்கிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரன் கையில் மண்வெட்டி மட்டும்தான். தண்ணீர் மேலிருந்து கீழே வரும், கீழிருந்து மேலே ஏறாது. தலைமடையில் ஒருவன் செய்கிற காரியம் திருத்துறைப்பூண்டியிலும் வேதாரண்யத்திலும் தெரியும். கடைமடைக்காரன் என்ன செய்தாலும் தலைமடையில் ஒரு பயிர் வாடாது. அதனால் கடமையும் மேலே இருப்பவன் தலையில் விழுகிறது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று கணக்கு முடித்தபோதும், எந்த மாநிலமும் ஆறு தனக்கே சொந்தம் என்று சொல்ல முடியாது என்றது. கொடுத்த அளவைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அதை இங்கே இழுக்கவில்லை.

பனிமலையில் மேலே இருப்பவனுக்குக் கீழே விரிந்து கிடக்கும் சரிவு முழுக்கக் கண்ணில் படும். கீழே போகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. அவன் கவனமெல்லாம் தன் கால் அடியிலும், தனக்கும் கீழே போகிறவன் மீதும் இருக்க வேண்டும். ஆக, சரிவில் இருக்கும் ஒவ்வொருவனும் ஒருவனுக்குத் தலைமடை, இன்னொருவனுக்குக் கடைமடை. எல்லோரும் கீழே பார்த்தால் போதும், எல்லோர் முதுகும் பத்திரம். ஆயிரம் பேர் இறங்கும் மலையில் போலீஸ்காரன் இல்லாமல், சிக்னல் இல்லாமல், கோடு போடாமல் காரியம் நடப்பது இந்த ஒரு ஏற்பாட்டால்தான்.

நம் ஊர் ரோட்டில் நடைமுறை இதற்கு நேர்த் தலைகீழ். கும்பகோணம் பஸ் பின்னால் ஏர்ஹாரனை ஒரு இழுப்பு இழுத்தால், முன்னால் போகிற சைக்கிள்காரர்தான் புளியமரத்தடிக்கு ஒதுங்க வேண்டும். ஒதுங்காமல் அடிபட்டால், "ஹாரன் அடிச்சேனே, காது கேக்கலையா?" என்பார்கள். லாரிக்குப் பின்னாலேயே "ஒலி எழுப்பவும்" என்று எழுதி, பின்னால் வருகிறவனுக்கு நாமே உரிமை சாசனம் கொடுத்துவிட்டோம். சட்டம் அப்படியில்லை. முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் போதிய இடைவெளி விடுவது பின்னால் வருகிறவன் கடமை என்று நம் மோட்டார் வாகன விதிகளிலும் உண்டு. ஏட்டில் நாமும் பனிமலைக்காரர்கள்தான்.

இந்த விதியின் முழு அருமை தெரிய, சரிவு என்றால் என்ன என்று தெரிய வேண்டும். நமக்கு அது தெரியாது. திருச்சி கடல் மட்டத்துக்கு மேல் 88 மீட்டர். அங்கிருந்து பூம்புகாருக்கு ரோட்டுவழி சுமார் 150 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் நூறு மீட்டர் போவதற்குள் நம் நிலம் ஆறு சென்டிமீட்டர் இறங்குகிறது, ஒரு சாணில் கால்வாசி. அந்தக் கால் சாணை நம்பித்தான் இத்தனை வாய்க்காலும் ஓடுகின்றன. ஐரோப்பாவில் சறுக்குப் பாதைகளுக்கு நிறம் வைத்துக் கடினம் காட்டுகிறார்கள்: நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம், பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா கணக்கில், சுலபம் என்கிற நீலப் பாதையே நூறு மீட்டருக்கு 25 மீட்டர் வரை இறங்கலாம். சிவப்பு 40 வரை. 600 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே மூச்சில் இறங்குவது அங்கே சாதாரணம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்கினால் வருகிற உயரம்.

ஓரளவு பழகியவர்கள் மணிக்கு 40 கிலோமீட்டரில் சுலபமாகப் போவார்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் நெல் மூட்டை இல்லாமல் போகிற வேகம், அவ்வளவுதான். ஆனால் இந்த வண்டிக்குப் பிரேக் இல்லை, ஹாரன் இல்லை, பின்னால் பார்க்கும் கண்ணாடி இல்லை. ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அந்த வேகத்தில் மோதுகிற உடம்பில் இருக்கும் சக்தி, ஆறு மீட்டருக்குச் சற்று மேலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் 60 ஆனால் உயரம் 14 மீட்டர் ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது அடி இரண்டேகால் மடங்கு கூடுகிறது. கீழே போகிறவன் கற்றுக்குட்டியாக, மணிக்கு 10 கிலோமீட்டரில் தத்தித் தத்திப் போகிறவனாக இருந்தாலும், மோதல் என்று வந்தால் அவன் மேல் விழுவது மேலிருந்து வந்தவனின் வேகம்தான்.

ஹெல்மெட் போடுகிறார்களே என்று கேட்கலாம். போடத்தான் வேண்டும். தலைக் காயம் குறைகிறது. ஆனால் ஐரோப்பியத் தர நிர்ணயத்தில் பனிச்சறுக்கு ஹெல்மெட்டை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுத்தான் சோதிக்கிறார்கள். அது மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம். 40-இல் போகிறவனுக்கு 20-க்குச் சோதித்த தொப்பி.

பனிமலைக் காயங்களில் பெரும்பாலானவை யாரும் மோதி வருபவை அல்ல. அவரவர் தானே விழுந்து முட்டியைத் திருகிக்கொள்வதால் வருபவை. மோதல் சிறு பங்குதான். ஆனாலும் ஜனங்களுக்கு அதுதான் பயம். தானே விழுந்தால் விதி என்று போய்விடலாம். மற்றவன் வந்து இடித்தால் மனசு ஆறுமா?

கூட்டத்துக்கு வருவோம். கூட்டம் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு 1992 மகாமகம்தான் ஞாபகம் வரும். பிப்ரவரி 18, கும்பகோணம், ஆறு ஏக்கர் சொச்சம் குளம், சுமார் 50 உயிர். அங்கே ஆட்களைக் கொன்றது நெருக்கம். நகர இடமில்லாமல், மூச்சுவிட இடமில்லாமல் போனார்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் நின்றால், கூட்டம் ஆட்களாக இல்லாமல் தண்ணீர்போல அலையடிக்கத் தொடங்கிவிடும். ஒருவன் நினைத்தாலும் நிற்க முடியாது. பனிமலையில் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. படத்தில் பார்த்தால் மலை காலியாகத்தான் தெரியும். ஒரு வேலி நிலத்தில், அதாவது இருபது மாவில், நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் இடது வலதாக வளைந்து வளைந்து இறங்குகிற ஒருவர் பத்து மீட்டர் அகலத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார். வினாடிக்கு 11 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்: 110 சதுர மீட்டர், நம் கணக்கில் எட்டுக் குழி. பன்னிரண்டு வினாடியில் ஒரு மா நிலத்தை, அதாவது நூறு குழியை, உழுதுவிடுகிறார். ஒரு மாவில் இரண்டு பேர் இப்படி உழுதால், வரப்பே இல்லாத வயலில் ஏர்கள் ஒன்றோடொன்று முட்டாமல் என்ன செய்யும்? நெருக்கம் என்பதை அங்கே தலையை எண்ணிச் சொல்ல முடியாது; தலையையும் வேகத்தையும் பெருக்கித்தான் சொல்ல வேண்டும்.

நெருக்கம் கூடியதற்கு, ஆட்களைக் கம்பிவழியாக மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட்டும் ஒரு காரணம். பழைய லிஃப்ட் ஒவ்வொருவராக, இருவர் இருவராக மேலே இழுத்தது. இன்று ஆறு பேர், எட்டுப் பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போகிறார்கள். மணிக்கு 3,000 பேருக்கு மேல் உச்சியில் கொண்டுபோய்க் கொட்டும் லிஃப்ட்டுகள் சாதாரணம். மதகை அகலமாக்கியாயிற்று, வாய்க்காலை அகலமாக்கவில்லை. சீசன் தொடக்கத்திலும் பனி குறைந்த வருஷங்களிலும் நிலைமை இன்னும் மோசம். செயற்கைப் பனி தூவிய ஓரிரு பாதைகள் மட்டும் பழுப்பு மலைமேல் வெள்ளைத் துண்டு விரித்ததுபோலக் கிடக்கும். வந்த அத்தனை பேரும் அதன்மேல்தான். லிஃப்ட் இறங்குமிடம், இரண்டு பாதைகள் சேருமிடம், சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் கடைசிப் பாதை, இந்த மூன்றும் எந்த மலையிலும் மோதல் நடக்கும் இடங்கள். சாயங்காலப் பாதையில் எல்லாம் சேர்ந்து வரும். கால் சோர்ந்திருக்கும், பகலெல்லாம் தேய்ந்த பனி கண்ணாடிபோல் இறுகியிருக்கும், வெளிச்சம் மங்கி மேடு பள்ளம் தெரியாது. சிலருக்கு மத்தியானம் குடித்ததும் உள்ளே இருக்கும்.

இதற்குப் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு வேலை செய்திருக்கிறது, அது எனக்குப் பிடித்திருந்தது. நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, பிப்ரவரி-மார்ச் பள்ளி லீவை வேறு வேறு வாரத்தில் விடுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் மலையேறினால் தாங்காது என்பதும், லாட்ஜ்காரர்களுக்கு நாலைந்து வாரம் வியாபாரம் நடக்கட்டும் என்பதும் காரணங்கள். "முறைப்பாசனம்!" என்றார் அத்தான், இதைச் சொன்னதும். ஏ வாய்க்காலுக்கு ஆறு நாள், பி வாய்க்காலுக்கு ஆறு நாள் என்று முறை வைத்து விடுவதேதான்.

நாலாவது விதி முந்துவதைப் பற்றியது. மேலே, கீழே, வலம், இடம் எந்தப் பக்கமும் முந்தலாம்; ஆனால் முன்னால் போகிறவர் வேண்டுமென்றே செய்யும் அசைவுக்கும், தவறிச் செய்யும் அசைவுக்கும் இடம் விட்டு முந்த வேண்டும். "தவறிச் செய்யும்" என்ற சொல்லில்தான் இந்த விதியின் அறிவு இருக்கிறது. முன்னால் போகிறவன் ஒழுங்காகப் போவான் என்று எதிர்பார்க்காதே. அவன் விழலாம், பயந்து திடுமென்று குறுக்கே திரும்பலாம், பனிக்கட்டியில் வழுக்கிப் பக்கவாட்டில் போகலாம். அதற்கும் சேர்த்து இடம் விடு. கற்றுக்குட்டி நேராக இறங்குவதேயில்லை. பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்கே போய்ப் போய்த்தான் இறங்குவான். முந்துகிறவன் கண்ணுக்கு அவன் விலகிப் போவதுபோலத் தெரியும். ஒரு வினாடியில் திரும்பி நேரே எதிரில் வருவான். ஸ்னோபோர்டுக்காரர்கள் இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துப் பக்கவாட்டாக நிற்பவர்கள்; ஒரு பக்கம் பார்த்து நின்றால் முதுகுப் பக்கம் அவர்களுக்கு இருட்டு. அந்தப் பக்கம் திரும்பும்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல்தான் திரும்புவார்கள். அது தெரிந்தவன் அந்த முதுகுப் பக்கத்தில் ஒட்டிப் போக மாட்டான்.

அமெரிக்காவில் முந்தும்போது "உங்க இடப்பக்கம்!" என்று குரல் கொடுக்கும் பழக்கம் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பயந்துபோய் இறங்குகிறவன் காதில் "இடம்" என்று மட்டும் விழும், உடனே இடப்பக்கம் திரும்பிவிடுவான். குரல் கொடுத்தேனே என்பதால் பொறுப்பு கைமாறாது. ஏர்ஹாரன்காரர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்.

பயிற்சியாளர் பின்னால் கோழிக்குஞ்சுகள்போல வரிசையாகப் போகும் பிள்ளைகளை முந்துவது தனிக் கலை. வரிசையை ஊடறுக்கக் கூடாது, நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். 2022 ஜனவரி 15 அன்று பிரான்சின் ஃப்ளேன் என்ற இடத்தில், பயிற்சியாளரோடு இறங்கிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பிரிட்டிஷ் குழந்தைமேல் பெரியவர் ஒருவர் வேகமாக வந்து மோதினார். குழந்தை இறந்துபோனது. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

இனி, கடைமடை உவமை எங்கே உதைக்கிறது என்பது. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் கேட்கும் உரிமை மட்டும் உண்டு. பனிமலையில் கீழே இருப்பவனுக்குக் கடமையும் உண்டு. நின்றுவிட்டுக் கிளம்பும்போதும், ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போதும் மேலேயும் கீழேயும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஓடுகிறவனுக்கே முன்னுரிமை. குறுகலான இடத்திலும், மேட்டுக்கு அடியில் மேலிருப்பவன் கண்ணில் படாத இடத்திலும் நிற்கக் கூடாது. அங்கே விழுந்தால் சட்டென்று ஓரத்துக்கு நகர வேண்டும். நடந்து ஏறினாலும் இறங்கினாலும் ஓரமாகத்தான். மேலிருப்பவன் பொறுப்பு என்பது அவன் கண்ணில் படுகிறவர்களுக்குத்தான் செல்லும். பார்க்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு உரிமை பேச முடியாது.

இதற்குப் பெரிய மனிதர் ஒருவர் உதாரணம் ஆகியிருக்கிறார். ஜெர்மனியில் துரிங்கியா மாநில முதல்வராக இருந்த டீட்டர் ஆல்ட்ஹவுஸ், 2009 புத்தாண்டு அன்று ஆஸ்திரியாவின் ரீஸ்னர்ஆல்ம் மலையில், பாதைகள் சேரும் இடத்தில் எதிர்த்திசையாகப் பக்கத்துப் பாதைக்குள் நுழைந்து, மேலிருந்து வந்த பெண்மணிமீது மோதினார். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார், தலையில் பலத்த காயத்தோடு பிழைத்தார். ஹெல்மெட் போடாத அந்தப் பெண்மணி இறந்தார். கீழே இருந்தவர் முதல்வர்தான். ஆனால் ஓட்டத்துக்கு எதிராகப் போனவரும் அவர்தான். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஆஸ்திரிய நீதிமன்றம் அவருக்கு 33,300 யூரோ அபராதம் போட்டது. அந்த வருஷமே தேர்தலில் அவர் கட்சி பெரும்பான்மையை இழந்தது, பதவி விலகினார்.

அக்கா இதுவரை அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒன்று கேட்டாள்: "இதெல்லாம் நம்ம புள்ள படிச்சு என்ன ஆவப்போவுது? மேலேருந்து வர்றவன் படிச்சிருக்கானா?"

இந்த முழு ஏற்பாட்டுக்கும் இருக்கிற ஓட்டை அதுதான். வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும், மலையில் இறங்க லிஃப்ட் டிக்கெட் போதும். மெதுவாகப் போகச் சொல்லும் பெரிய பலகைகளும் வலைத் தடுப்புகளும் வைக்கிறார்கள், நெருக்கமான இடங்களில் ரோந்துக்காரர்கள் நின்று, அடாவடி பண்ணுகிறவன் டிக்கெட்டைப் பிடுங்குகிறார்கள். அதற்கு மேல் பயமுறுத்துவது நீதிமன்றம்தான். கூட்டமைப்பின் பத்து விதிகள் எந்த நாட்டுச் சட்டமன்றமும் போட்ட சட்டம் அல்ல. ஆனாலும் ஆல்ப்ஸ் நாடுகளின் நீதிபதிகள் யார் கவனக்குறைவாக இருந்தார் என்று அளக்க இவற்றைத்தான் படியாக வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ 1979-லேயே சட்டம் போட்டுவிட்டது: தனக்குக் கீழே இருப்பவர்மேல் மோதாமல் தவிர்க்கும் முதன்மைக் கடமை மேலிருந்து வருகிறவனுடையது. அங்கே வேய்ல் மலையில் 1997-இல், லிஃப்ட்டில் வேலை பார்த்த 18 வயதுப் பையன் கட்டுப்பாடில்லாத வேகத்தில் வந்து ஒருவர்மேல் மோதி அவர் இறந்துபோனார். பனிச்சறுக்கில் போய்க் குற்ற வழக்கா என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. மாநில உச்ச நீதிமன்றம் 2000-இல் விசாரணை நடக்கட்டும் என்றது. முடிவில் பையனுக்கு 90 நாள் சிறை. இத்தாலியில் 2022 முதல், மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் யாரும் சறுக்குப் பாதையில் இறங்கக் கூடாது.

உலகம் முழுக்க இந்த விதியைப் பிரபலமாக்கியது, உயிர்ச்சேதம் இல்லாத ஒரு வழக்கு. 2016-இல் யூட்டா மாநிலத்தின் டீர் வேலியில் நடிகை குவினெத் பேல்ட்ரோவும், ஓய்வுபெற்ற கண் பரிசோதகர் ஒருவரும் மோதிக்கொண்டார்கள். அவர் முதலில் 31 லட்சம் டாலர் கேட்டு, பிறகு மூன்று லட்சமாகக் குறைத்து வழக்காடினார். பேல்ட்ரோ பதிலுக்கு ஒரு டாலர் கேட்டார். 2023 மார்ச்சில் விசாரணை நேரலையாக ஓடியது. உலகமே உட்கார்ந்து பார்த்தது. வக்கீல்கள், மருத்துவர்கள், கணினிப் படங்கள் எல்லாம் வந்தன. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: மோதும்போது யார் கீழே இருந்தார்? ஆளுக்கு ஆள் "நான்தான் கீழே, அவர்தான் பின்னாலிருந்து வந்தார்" என்றார்கள். வரப்புத் தகராறு போலத்தான். ஜூரிகள் முழுத் தவறும் கண் பரிசோதகருடையது என்று சொல்லி, பேல்ட்ரோவுக்கு அந்த ஒரு டாலரை வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் முட்டுக்கட்டையைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. பனிமலைக்கு வரும் பிள்ளைக்கு முதல் நாள் கற்றுக்கொடுப்பது போவதற்கு அல்ல, நிற்பதற்கு. இரண்டு பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஆப்பு வடிவம் வைக்க வேண்டும். உள்விளிம்புகள் பனியைச் சுரண்டும், வேகம் குறையும். பீட்சாத் துண்டு மாதிரி வை என்று குழந்தைகளுக்குச் சொல்வார்களாம். நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை செய்கிற வேலைதான் இது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி, சுமார் 300 டன். திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும், திரும்பும் முனையில் சக்கரத்துக்கு முன்னால் மர ஆப்பைப் போடுகிறவர்தான் தேரை ஆள்கிறார். வடம் பிடிக்க ஊரே வரும். முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் ஒருசிலர்தான். எப்படியோ நம் பேச்சில் "முட்டுக்கட்டை போடுறான்" என்பது வசவாகிவிட்டது. தேரோடு நடந்து போகிறவர்கள் யாரும் அந்த அர்த்தத்தில் சொல்ல மாட்டார்கள்.

நம் ஆட்கள் பனியைப் பார்ப்பது பெரும்பாலும் மணாலிப் பக்கத்து சோலாங்கிலோ, காஷ்மீரின் குல்மர்க்கிலோ, உத்தராகண்டின் ஆலியிலோதான். குல்மர்க்கில் மேலே ஏற்றிவிடும் கோண்டோலா இருக்கிறது, தேர்ந்தவர்கள் வருகிறார்கள். ஆனால் டூர் பஸ்ஸில் போகிறவர்கள் நிற்பது அடிவாரத்துப் பனி மைதானத்தில். அங்கே வாடகைக் கோட்டுப் போட்ட குடும்பங்கள், கையைப் பிடித்துச் சறுக்கக் கற்பவர்கள், பனிவண்டி இழுப்பவர்கள், செல்ஃபி எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கலந்து நிற்பார்கள். அங்கே போகிறவர்களுக்கு ஏழாவது விதி ஒன்று போதும்: நடக்கிறவன் ஓரமாக நட. போட்டோ எடுக்க நின்றால், மலைக்கு முதுகைக் காட்டி நிற்காமல் மேல்பக்கம் பார்த்து நில். கால் சறுக்கத் தொடங்கி நிற்க முடியவில்லை என்றால் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடு. கௌரவம் பார்க்காதே.

ஒன்பதாவது விதி, அடிபட்டவருக்கு உதவு என்பது. பத்தாவதைப் படிக்கும்போது அத்தான் குரல் கொஞ்சம் மாறியது. மோதலில் சம்பந்தப்பட்டவர்களும் பார்த்த சாட்சிகளும், தவறு தன்னுடையதோ இல்லையோ, பெயரையும் முகவரியையும் கொடுக்க வேண்டும். கொலராடோவில், காயம்பட்ட மோதலுக்குப் பிறகு பெயர் கொடுக்காமல் போவதே தனிக் குற்றம். அத்தான் தாளைக் கீழே வைத்துவிட்டு, போன வருஷம் திருநள்ளாறு ரோட்டில் தன்னை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போன பைக்கை நினைத்துக்கொண்டாரா என்னவோ, முழங்காலைத் தடவினார். "சாட்சியுமா பேர் கொடுக்கணும்?" என்று கேட்டார். ஆமாம், சாட்சியும்தான். நம் ஊரில் சாட்சி முதலில் காணாமல் போவான்.

எனக்கு ஒரு ஆறுதல், அதை அக்காவிடமும் சொன்னேன்: பேத்தி போவது ஜனவரியில், பள்ளி நடக்கும் வாரத்தில். லீவுக் கூட்டம் பிப்ரவரியில்தான் தொடங்கும். மலை அப்போது ஓரளவு காலியாக இருக்கும். அக்கா தலையாட்டினாள், ஆனால் அவள் மனசு பத்தாவது விதியிலேயே நின்றுவிட்டது. அன்று ராத்திரி வீடியோ காலில் பேத்தியைப் பிடித்துவைத்துக்கொண்டு, "உன் முழுப்பேரு சொல்லு, அப்பா போன் நம்பர் சொல்லு, வீட்டு அட்ரஸ் சொல்லு" என்று பாடம் கேட்டாள். பிள்ளை கடகடவென்று பிரெஞ்சில் ஒப்பித்தது.

"அம்மாச்சிக்குப் புரியல கண்ணு, தமிழ்ல சொல்லு."

"அவளை விடு" என்றார் அத்தான், ஈசிச்சேரில் இருந்தபடியே. "அங்க அப்படித்தான் சொல்லணும்."